ஸ்கேன் மேசையில் படுக்க மறுத்த பாவாயக்கா

பாவாயக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம், ஆத்தூரிலிருந்து வந்த ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் கைகளைத் தலைக்கு மேலே தூக்கியபடி படுத்திருந்தார். கைப்பேசியில் அக்காவின் மகன் பழனிசாமி. “அம்மா காத்தால போயிட்டாங்க. ஊட்டுலதானுங்க. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு” என்றார். படுத்திருந்தவரைக் காக்க வைக்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்லும்போது என் குரல் தடுமாறியது. அவர் பயந்துவிட்டார். “ஏனுங்க, எதாச்சும் கெட்டதாத் தெரியுதுங்களா?” என்று உள்ளேயிருந்து கேட்டார். “உங்க படத்துல ஒண்ணுமில்லீங்க, இன்னும் எடுக்கவே ஆரம்பிக்கல. எனக்கு வேண்டிய ஒருத்தர் இறந்துட்டாங்க, அதான்” என்று சொல்லிவிட்டுத்தான் படமெடுத்தேன். அக்காவைத் தெரிந்துகொள்வதற்கு முன்பாக இருந்திருந்தால் நான் அவருக்குப் பதிலே சொல்லியிருக்க மாட்டேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரை ‘ரிக் பாவாயி’ என்று தெரியும். திருச்செங்கோட்டுக்காரர். கணவர் விபத்தில் போன பிறகு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை விற்றுவிடச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர். தானே வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று போனார். பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் வெள்ளைப் புழுதிக்குள் நின்றுதான் பேரம் பேசினார், ஆட்களை அதட்டினார், அவர்களுக்குச் சோறும் ஆக்கிப் போட்டார். நான் சூரமங்கலத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் டெக்னீஷியன். எங்கள் பழக்கம் சண்டையில் ஆரம்பித்தது.

தீராத இருமலுக்காக நெஞ்சு மருத்துவர் அவருக்கு சி.டி. எழுதிக் கொடுத்திருந்தார். கான்ட்ராஸ்ட் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று சீட்டில் இல்லை. அன்றைக்குக் கூட்டம். எங்கள் மேலாளர் வழக்கம்போல ‘ஊசியோடு’ என்று பதிந்து அவரை உள்ளே அனுப்பிவிட்டார். அக்கா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். படுக்கவில்லை.

“என்ன பண்ணப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க.”

மேலாளர் கதவருகில் நின்று, “ஒண்ணுமில்லம்மா, அஞ்சு நிமிசம். படுங்க, வெளியே ஆளுங்க நிக்கறாங்க” என்றார்.

“ஒண்ணுமில்லீன்னா நான் எதுக்கு இங்க வந்தேன்? என்ற நெஞ்சு சாமி இது. சொல்லாம ஒருத்தரும் தொடக்கூடாது.”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டிய அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்ற விதத்தில், பதில் வராமல் நகரமாட்டார் என்பது தெரிந்தது. அதனால் சொன்னேன். இந்த வளையம் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், உள்ளே வைத்து மூட மாட்டோம். மேசை மட்டும் முன்னும் பின்னும் நகரும். கழுத்துச் சங்கிலியும், ஊக்கு கொக்கி போன்ற உலோகமும் நெஞ்சுப் பக்கம் இருக்கக்கூடாது. மூச்சைப் பிடிக்கச் சொல்வது, நெஞ்சு அசைந்தால் படம் கலங்கிவிடும் என்பதற்காக. கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருப்போம், பேசினால் கேட்கும்.

“ஊசி எதுக்கு?”

“ரத்தக் குழாயெல்லாம் தெளிவாத் தெரியறதுக்குங்க. போட்டா உடம்பெல்லாம் சூடு பரவற மாதிரி இருக்கும். வாயில இரும்பு ருசி வரும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி தோணும், ஆனா போயிருக்க மாட்டீங்க. அரிப்பு, மூச்சுத் திணறல் வந்தா உடனே சொல்லணும்.” அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி என் வாய்க்கு வந்தது. “சக்கரை மாத்திரை சாப்பிடறீங்களா? கிட்னியில ஏதாச்சும்?”

“சக்கரை இருக்குது. கிட்னியில உப்பும் ஏறியிருக்குன்னு அந்த டாக்டர் சொன்னாரு. அதக் கேக்காமயா ஊசியத் தூக்கிட்டு வந்தீங்க?”

ஊசி தட்டில் தயாராக இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு நெஞ்சு மருத்துவருக்குப் போன் போட்டேன். அவர் பதறிவிட்டார். தான் சந்தேகப்படும் நுரையீரல் நோய்க்கு ஊசியே தேவையில்லை, சாதாரணமாக எடுத்தால் போதும் என்றார். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஒருவருக்கு, ரத்தப் பரிசோதனைகூடப் பார்க்காமல், தேவையில்லாத மருந்தை ஏற்றியிருப்போம். அதைத் தடுத்தது எங்கள் மையத்தின் எந்த விதியும் அல்ல, அக்காவின் பிடிவாதம். மேலாளரிடம் அவர், “உங்க அஞ்சு நிமிசத்துல என்ற கிட்னி போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு வந்து படுத்தார். சொன்னபடி மூச்சைப் பிடித்தார், சொன்னபடி விட்டார். படம் துல்லியமாக வந்தது.

முடிவு நல்லதாக இல்லை. கல் புழுதி நுரையீரலில் படிந்து இறுகிப்போயிருந்தது. அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, மேலும் புழுதி போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து அக்கா நேராக எங்கள் மையத்துக்கு வந்தார். அழுவாரோ என்று நினைத்து நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. “என்ற வண்டிப் பசங்களும் இதே புழுதியத்தானே முழுங்கியிருக்கானுங்க? அவனுக நெஞ்சுக்குள்ள என்ன கெடக்குதுன்னு எவன் பாத்தான்?” என்றார். கோபம் யார்மீது என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அதில் தன்மீதே கொண்ட கோபமும் கொஞ்சம் இருந்தது.

அதன் பிறகு இருமுகிற ஆட்களை அவரே நெஞ்சு மருத்துவரிடம் கூட்டிப் போவார். மருத்துவர் யாருக்கு எழுதிக் கொடுக்கிறாரோ அவர்களைத் தன் காரிலேயே எங்களிடம் கொண்டுவருவார். ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்குகிற அந்த ஆண்கள் ஸ்கேன் அறை வாசலில் நடுங்குவார்கள்.

“உள்ள தள்ளி மூடிருவாங்களாமா ஆத்தா?” என்று ஒருவன் கேட்டான்.

“மூடறதுக்கு அதென்ன கெணறா? பெரிய உளுந்து வடையாட்டம் இருக்குது, நடுவுல ஓட்ட. அதுக்குள்ள போயிட்டு வாரதுதான்.”

“கரண்ட் அடிக்குமா?”

“உன்ற தலையில அடிக்கும். அசையாமப் படு. அசைஞ்சீன்னா மறுக்கா எடுப்பாங்க. மறுக்கா எடுத்தா மறுக்கா கதிரு. பழைய படமிருந்தா அந்தப் புள்ளகிட்டக் குடு, ஒப்பிட்டுப் பாக்கட்டும்.”

காத்திருக்கும் கூடமே சிரிக்கும். சிரித்துக்கொண்டு உள்ளே வருபவர்கள் ஒழுங்காக மூச்சைப் பிடிப்பார்கள்.

அக்காவின் காரை ஓட்டி வந்த ஓட்டுநர் ஒருமுறை, “நானும் ஒண்ணு எடுத்துப் பாத்துக்கறனுங்க, மனசுக்குத் தெம்பா இருக்கும்” என்றார். எங்கள் மேலாளர் உடனே பெயரைக் கேட்டார். அக்கா குறுக்கே புகுந்தார். “இருமல் இருக்குதா? டாக்டர் எழுதுனாரா? இல்லீல்ல? சும்மாப் போற கதிர எதுக்கு நெஞ்சுல வாங்கற? எக்ஸ்ரேய விட இதுல சாஸ்தி. தேவைப்பட்டா பயப்படாம எடு. தேவையில்லீன்னா ஊட்டுக்குப் போ.” மேலாளரின் முகம் சுருங்கியது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

ஊரில் இது பேச்சானது. ரிக் முதலாளிகள் இரண்டு பேர் எங்கள் மையத்துக்கே அவரைத் தேடி வந்தார்கள். “அக்கா, நீங்க பண்றது நல்லால்லீங்க. பசங்க பயந்துக்கிட்டு வண்டி ஏற மாட்டேங்கறானுங்க. நம்ம தொழிலயே நாமளே கெடுக்கறதா?” என்று ஒருவர் கேட்டார். அக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்த காலம் அது. ஆனாலும் எழுந்து நின்றார்.

“வண்டி நின்னா டீசல் ஊத்தி எடுத்துக்கலாம். நெஞ்சு நின்னா எதப்பா ஊத்துவ? புழுதி கெளம்பாம தண்ணி அடிச்சு ஓட்டு. பசங்களுக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் குடு, துண்டக் கட்டிக்கச் சொல்லாத. இதையெல்லாம் பண்ணிப்போட்டு வா, அப்பறம் நான் பேசாம இருக்கறேன்.”

அவர்கள் கோபத்தோடு போனார்கள். சிலர் அக்கா வீட்டு விசேஷத்துக்கு வருவதைக்கூட நிறுத்தினார்கள். அக்கா தன் வண்டியில் தண்ணீர் அடிக்க ஏற்பாடு செய்தார். ஆட்கள் அவரிடம் வேலை கேட்டு வரிசையில் நின்றார்கள். ஆள் கிடைக்காமல் மற்ற முதலாளிகளும் ஒவ்வொருவராகத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஸ்கேனுக்கு அவர் வந்தபோது ஆக்சிஜன் சிலிண்டரும் கூடவே வந்தது. மல்லாந்து படுக்க முடியவில்லை. தலைப்பக்கம் உயர்த்தி வைத்தேன். “புடிச்சுக்கச் சொல்றயே சாமி, அது எங்க நிக்குது புடிக்கறதுக்கு?” என்றார். முடிந்தவரை பிடித்தால் போதும், அதற்குள் வேகமாக எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுத்தேன். படம் கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது, ஆனால் மருத்துவருக்குப் போதுமானதாக இருந்தது.

கடைசியாக இன்னொன்று எடுக்கலாம் என்று பழனிசாமி கூட்டிக்கொண்டு வந்தார். மகன் அல்லவா, ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. அக்கா சக்கர நாற்காலியிலிருந்து நெஞ்சு மருத்துவருக்குப் போன் போடச் சொன்னார். ஒலிபெருக்கியில் கேட்டார்: “இத எடுத்தா எனக்கு வைத்தியம் எதாச்சும் மாறுங்களா?” மருத்துவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. “மாறாதும்மா. எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம், அவ்வளவுதான்.”

“அது எனக்கே தெரியுதுங்களே. அப்ப வேண்டாம்.”

பழனிசாமி அழுதார். “எடுத்துப் பாத்தரலாம்மா” என்று கெஞ்சினார். அக்கா மகனின் தலையைத் தடவினார். “ஊட்டுக்குப் போலாம் கண்ணு. கொள்ளுப்பருப்பு கடஞ்சு வையி, திங்கோணுமாட்டம் இருக்குது” என்றார். அன்றைக்கு அந்த அறையிலிருந்து அவர் போனது தோற்றுப்போனவரைப் போல இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை இருக்கிறது என்று படிப்பில் படித்திருக்கிறேன். ஒருவர் அதைப் பயன்படுத்தியதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காரியத்துக்குப் போயிருந்தேன். முதலாளிகள் அடித்த சுவரொட்டியில் ‘பொறுமையின் சிகரமே’ என்று இருந்தது. அக்கா பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். அவர் பொறுமைசாலி இல்லை. வாய் ஓயாதவர், வம்புக்காரர், எந்தக் கதவையும் தட்டாமல் திறக்கிறவர். செத்த பிறகு அவரை அடக்கமானவராக்கப் பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் சண்டை போட்டதால்தான் உங்கள் வண்டிகளில் இன்றைக்குத் தண்ணீர் அடிக்கிறது. அவர் சண்டை போட்டதால்தான் எங்கள் மையத்தில் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் யாரும் சர்க்கரைக்காரருக்கு ஊசியை எடுப்பதில்லை.

அவரை அறிந்தவர்களே, நாளை உங்களில் யாருக்காவது நெஞ்சு ஸ்கேன் எழுதினால் பயப்படாமல் போங்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு போகாதீர்கள். எதற்காக, ஊசி உண்டா, என்ன தெரியவரும் என்று கேளுங்கள். உங்கள் மாத்திரைகளை, ஒவ்வாமையை, சிறுநீரகக் கோளாறை, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைக்கூட, அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எரிச்சல்பட்டால் படட்டும்.

விவரமெல்லாம் என் படிப்பிலேயே இருந்தது. அதைப் பேசுவதற்கான துணிச்சலை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். போன வாரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் இவ்வளவு நேரம் பேசினால் கட்டுப்படியாகாது, குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“முடியாதுங்க சார்” என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கதவைத் திறந்து அடுத்தவரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, பேச ஆரம்பித்தேன்.