அம்மா கொடுத்த மறுப்பு

எங்கள் தெருவில் யார் எந்த அரபு நாட்டுக்குப் போனாலும் துபாய்தான். பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். என் தம்பி போனது துபாய்க்கு அல்ல. அது வேறொரு நாடு, பாலைவனத்துக்கு நடுவே ஒரு பண்ணை. டிரைவர் வேலை என்று கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில். அவனை மீட்டுத் தரச் சொல்லி நம் தூதரகத்துக்கு மனு போட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று காத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்து தொலைத்தது. ஒரு கட்சியின் வட்டச் செயலாளர் அம்மாவைத் தேடி வந்தார். வேட்பாளர் அவளை மேடையேற்றி, தம்பியைக் கொண்டுவருவதாக எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுப்பாராம். அம்மா இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். வேட்பாளர் அவளுக்குச் சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“இந்தத் தாயோட புள்ளைய துபாய்க்காரன் அடிமையா வச்சிகினு கீறான். நான் ஜெயிச்சா டெல்லில பேசி அந்த நாட்டோட உறவையே அறுத்து வுடுவேன். ஒரு பிளேன் அங்க போவாது!”

கைதட்டல் காதைப் பிளந்தது. சட்டமன்றத்துக்குப் போகிறவர் துபாயோடு உறவை அறுப்பாராம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே அந்தப் பேச்சு போன் போனாகச் சுற்றியது. பூந்தமல்லியில் எத்தனையோ வீடுகளில் நிஜமாகவே துபாயில் ஆள் இருக்கிறது. பிளேன் போகாவிட்டால் அந்த வீடுகளில் உலை கொதிக்குமா? கடைத்தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போன வேட்பாளரை ஜனங்கள் பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் வட்டச் செயலாளர் கேமராக்காரனோடு எங்கள் வாசலில் நின்றார்.

“எம்மா, ஒரு வார்த்த சொல்லிடு. எம்புள்ள துபாய்ல இல்ல, வேற நாட்டுல கீறான், நல்லா கீறான்னு. தலைவர் பேசுனத எதிர்க்கட்சிக்காரன் வெட்டி ஒட்டிட்டான்னு சொல்லு. அவ்ளோதான்.”

“துபாய்ல இல்லன்னு சொல்லட்டும் அண்ணாத்தே. நல்லா கீறான்னு ஏன் சொல்லணும்?” என்று கேட்டேன்.

“அந்த நாட்டுக்காரனும் கோச்சிக்கக் கூடாதில்ல? இன்னொரு பஞ்சாயத்து தாங்காதும்மா. தலைவர் ஜெயிச்சாதானே உன் தம்பிய இட்டாந்து வுட முடியும்?”

அந்தக் கடைசி வார்த்தையில் அம்மா விழுந்துவிட்டாள். அதே சால்வையைப் போர்த்தி அவளை உட்கார வைத்தார்கள். முதல் தடவை ‘நல்லா’ என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அதை அழித்தார்கள்.

“சிரிச்ச மொகமா சொல்லும்மா” என்றான் கேமராக்காரன்.

இரண்டாவது தடவை அம்மா சிரித்தாள். தம்பி போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர்கள் மூஞ்சியிலேயே அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு.

வேட்பாளர் ஜெயித்தார். தெருமுனையில் வெடி வெடித்தார்கள். அதற்கப்புறம் வட்டச் செயலாளர் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

ஒருநாள் தம்பி யாருடைய போனிலிருந்தோ பேசினான். எங்கள் மனுவைப் பார்த்துத் தூதரகத்திலிருந்து பண்ணைக்கே ஆள் வந்திருக்கிறார். முதலாளி பதறவே இல்லையாம். அங்கே வேலை செய்கிற நம் ஆட்கள் வழியாக அம்மாவின் வீடியோ எப்படியோ அவனிடம் போயிருக்கிறது. அதைப் போட்டுக் காட்டியிருக்கிறான். பெற்றவளே நன்றாக இருக்கிறான் என்று சொல்லும்போது நாம் என்ன செய்ய என்று, தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே வந்தவர் கிளம்பிவிட்டார்.

“ஏன்கா அம்மா அப்டி சொல்லிச்சு?” என்றான் தம்பி. பாவி, அழக்கூட இல்லை. அதோடு லைன் போய்விட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். “தம்பியா? இன்னா சொன்னான்? எப்ப வரானாம்?”

“நல்லா கீறானாம்மா” என்றேன்.