சோல்வே போகாத சாவு வீடு

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊர் மோன்சேயில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றவள் நான், வாய் இல்லாவிட்டால் பிழைத்திருக்க முடியாது. ஆனால் அந்த வாயாலேயே ஒருத்தியைக் கெடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சோல்வே ஹமுசோண்டே. முப்பத்தொரு வயது, மக்காச்சோளம் விதைக்கிறவர் மகள். உளவியல் படித்து முடித்து, பயிற்சி வருஷத்துக்காக எங்களிடம் வந்தாள். பழைய மருந்துக் கிடங்கைக் கூட்டிப் பெருக்கி, இரண்டு நாற்காலி போட்டுக்கொடுத்தோம். படிப்பு மட்டும் போதாதாம். ஒரு வருஷம் ஆட்களோடு உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு சந்திப்பையும் நீலப் பதிவேட்டில் எழுத வேண்டும். உரிமம் உள்ள மூத்தவர் ஒருவர் மேற்பார்வையாளராக இருந்து அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தலைநகர் லுசாகாவில் தேர்வுக் குழு முன்னால் நின்று தேறினால்தான் அவளுக்கும் உரிமம். மூத்தவர் எங்கள் ஊரில் ஏது? இனோங்கே முபிதா என்ற டாக்டரம்மா லுசாகாவிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போனில் விசாரிப்பார். மாதம் ஒருமுறை பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போடுவார்.

முதல் வருஷம் சோல்வே தோற்றுப் போனாள். மாட்டு வியாபாரி ஒருவர் அவளிடம் வந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இறந்தபோது இவள் போய் மூன்று நாள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சிமா, அதாவது மக்காச்சோளக் களி, கிளறினாள். அதை மறைக்காமல் பதிவேட்டிலும் எழுதினாள். குழுவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் பிரிப்பதற்குள் நான்தான் பிடுங்கி வாசித்தேன். தன்னிடம் வந்தவர் வீட்டுச் சாவுக்குப் போயிருக்கிறார், மேற்பார்வையாளரைக் கலந்து பேசவில்லை, வருஷத்தைத் திரும்பச் செய்ய வேண்டும், இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான். இவ்வளவுதான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் முதல் பாதிக்கு மேல் எதுவும் தலையில் ஏறவில்லை.

"சாவுக்குப் போனது குத்தமாம்டி! இவங்க வீட்டுல யாரும் சாகறதே இல்லையா? இனி எவன் செத்தாலும் அந்தப் பக்கம் கால வைக்காத. வேலைய முடிச்சிட்டுப் போய்ச் சேரு" என்று கத்தினேன். அவள் தலையாட்டினாள்.

இரண்டாம் வருஷம் நமூங்கா வந்தாள். தெருக்குழாயில் எங்களோடு தண்ணீர் பிடிக்கிறவள். புருஷன் பஸ் விபத்தில் போனதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு தடவை வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஏழாவது தடவை வாயைத் திறந்தாள். அன்று சோல்வே வார்டுக்கு ஓடிவந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "பேசிட்டாங்கக்கா, பேசிட்டாங்க" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. என்ன பேசினாள் என்று என்னிடம்கூட மூச்சு விடமாட்டாள்.

அந்த மழைக்காலத்தில் நமூங்காவின் ஒரே மகள், ஆறு வயது லுயாண்டோ, மலேரியாவில் செத்துப்போனாள்.

எங்கள் ஊரில் சாவுக்கு வராதவரைச் சும்மா விடமாட்டார்கள். வரவில்லை என்றால் அந்தச் சாவில் உனக்குப் பங்கு உண்டு என்று அர்த்தம். சோல்வே, பெண்கள் சாவுக்கு இடுப்பில் சுற்றிக்கொண்டு போகிற சிதெங்கேத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கிடங்கில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நான் போகணும்."

"போயி? ரெண்டு வருஷத்தையும் அந்தக் குழியிலயே போட்டு மூடப்போறியா? இதுதான்டி கடைசி வாய்ப்பு."

"டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"கேட்டா என்ன சொல்லப்போறாங்க? அதான் கடுதாசிலயே எழுதிட்டாங்களே. நீ கேட்டதே பதிவேட்டுல ஏறிடும். பேசாம இரு."

கையில் எடுத்த போனை அவள் பைக்குள் வைத்துவிட்டாள். டாக்டரம்மாவின் வெள்ளிக்கிழமை போனுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

நான் போனேன், விறகு சுமந்தேன், பெண்களோடு தரையில் படுத்தேன். வாசலில் புதிதாக ஒரு ஒப்பாரி கேட்கும்போதெல்லாம் நமூங்கா பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் என்னைக் கேட்டாள். சோல்வேயை அவள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

"டாக்டர் வரலையா, சிஸ்டர்?"

"வேலை ஜாஸ்திம்மா."

அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெளியே, துக்கம் முடியும்வரை அணைக்காத சாவு நெருப்பைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவன், "அந்த வீட்டு ரகசியமெல்லாம் தெரிஞ்சவளாச்சே, ஏன் வரல?" என்றான். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவியது.

அதன்பிறகு நமூங்கா வரவேயில்லை, மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். குழாயடியில் சோல்வேயைக் கண்டால் நமூங்கா பாதி நிரம்பிய வாளியோடு போய்விடுவாள். திரும்பவும் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

நாலு மாதம் கழித்துச் சோல்வே தேர்வுக் குழு முன்னால் நிற்க லுசாகா போனாள், மறுநாள் மத்தியானம் திரும்பினாள். நான் பஸ் நிலையத்தில் காத்திருந்தேன்.

"என்னாச்சுடி?"

"பாஸ்." முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, பதிவேட்டப் பாத்துட்டு, ஏன் நமூங்கா வீட்டுச் சாவுக்குப் போகலன்னு கேட்டாங்க. போகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்கன்னேன். 'போனதுக்கு இல்லம்மா, முன்னாடியே மேற்பார்வையாளர்கிட்ட பேசாம போனதுக்குத்தான் திருப்பி அனுப்பினோம்'னாங்க. முபிதாம்மாவும் அங்கதான் இருந்தாங்க. 'எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நானே உன்னக் கூட்டிட்டுப் போயிருப்பேனே'ன்னாங்க."

பாவி, நான்தானே அந்தப் போனை வைக்கச் சொன்னேன்!

அவள் வீட்டுக்குப் போகவில்லை. உரிமக் கடிதம் இருந்த பையோடு நேராக நமூங்கா வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். வாசல் வேலியில் நின்று, சாவுக்கு வருகிறவர்கள் அழுகிற மாதிரி, லுயாண்டோ பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். பட்டப்பகலில், நாலு மாதம் கழித்து! தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

கதவு திறந்தது. நமூங்கா நிலைப்படிக்கு வந்தாள். பிறகு பேசினாள்.

"அன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன், டாக்டர். இப்ப நெருப்பெல்லாம் அணைச்சாச்சு. வீட்டுக்குப் போங்க."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.