குடில் வைக்கோல்

"வீட்ல மாடு வளர்க்கறீங்களா?" என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் டாக்டர் கேட்டபோது அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. சேலையூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், மாட்டுக்கு எங்கே போவது? இல்லை என்றாள். நானும் தலையாட்டினேன். லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மாடு இல்லை, வைக்கோல் இருக்கிறது. வருஷா வருஷம் ஹாலில் கட்டும் கிறிஸ்துமஸ் குடில்! திரும்ப ஓடினேன்.

அப்பாவுக்கு நெடுநாளாக வீசிங். இந்த மழைக்காலத்தில் அது முற்றி ஸ்டீராய்டு மாத்திரையில் இருந்தார். ஜனவரியில் காய்ச்சலும் இருமலும் வந்தன. காசநோயாக இருக்குமோ என்று பார்த்தார்கள், இல்லை. நுரையீரல் இரண்டிலும் பூஞ்சை, ஈர வைக்கோலிலும் வளரும் வகை. அது தெரியவந்த அன்றைக்கே அவரால் சொந்தமாக மூச்சுவிட முடியாமல் போய், வென்டிலேட்டர் வைத்தார்கள்.

சர்ச் சாமியார் மந்திரித்த குடிலின் வைக்கோலைக் குப்பையில் போடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மூட்டை கட்டி லாஃப்டில் ஏற்றிவிட்டு மறுவருஷம் இறக்குவோம். இந்தத் தடவை மொட்டைமாடி ஒழுகி லாஃப்ட் சுவர் ஓதம் கண்டிருந்தது. டிசம்பரில் அப்பா மூட்டையை உதறியதும் சாம்பல் நிறத்தில் தூசி எழும்பி வெயிலில் மிதந்தது. அழகாயிருக்கிறதே என்று நான் படம் வேறு எடுத்தேன்.

அந்தப் படத்தை டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். இதனால் மருந்து மாறாது, ஆனால் பிழைத்து வந்தால் அதே வீட்டுக்குத்தானே போவார் என்றார்.

எனக்கோ தெரிந்தே ஆக வேண்டும். மாஸ்க் போட்டுக்கொண்டு நாலு துரும்பை எடுத்து, ஈர ரொட்டியில் வைத்து, பாட்டிலை இறுக மூடினேன். நான்காம் நாள் நீலப்பச்சையாகப் பூத்தது. அதைப் படமெடுத்து டாக்டரிடம் காட்டினேன்.

டாக்டர் சிரித்தார். "இது எந்த ரொட்டியிலயும் வரும்மா. வெறும் ரொட்டி ஒண்ணு வெச்சுப் பாத்தியா?"

வைக்கவில்லை. நுண்ணுயிரியல் படிக்கிறேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாயிருந்தது. அப்புறம் வைத்தேன், அதிலும் பூத்தது. ஆக, வைக்கோல்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு அந்த ஆறுதலெல்லாம் எடுபடவில்லை. "அப்ப நான்தானே அவரை ஆஸ்பத்திரியில படுக்க வெச்சேன்?" என்றாள். அவர் உதறும்போது படமெடுத்துக்கொண்டு நின்றவள் நான் என்றேன். பிறகு அவளே சாமியாருக்கு போன் செய்தாள். மந்திரித்ததை மண்ணில் புதைக்கலாம், கோயில் தோட்டத்தில் இடம் தருகிறேன் என்றாராம்.

வென்டிலேட்டர் வைத்து மூன்று வாரமாகிவிட்டது. நாளைப் பகலில் அரைமணி நேரம் மெஷின் உதவியில்லாமல் அப்பாவை மூச்சுவிடச் செய்து பார்க்கப்போகிறார்கள். அதற்கு முன்னால், காலை ஆறு மணிக்கு, மூட்டையை லாஃப்டிலேயே நன்றாக நனைத்து, தூசி கிளம்பாமல் இரண்டு கவரில் போட்டுக் கட்டி இறக்கப்போகிறேன். ஏணியை நான்தான் பிடிப்பேன் என்கிறாள் அம்மா. வெளியே நில் என்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை.