பின் சீட்டில் உட்கார்ந்தவர்

என் கணவர் எனக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழக்கிய கதையைக் கேட்காதவர் எங்கள் ஊரில் கிடையாது. அவரே சொல்லிச் சொல்லிப் பரப்பியிருக்கிறார். நான் சொல்லப்போகிற கதை வேறு.

ஏற்காட்டில் ஒரு பள்ளி விடுதியில் சமையலை மேற்பார்வை பார்க்க ஆள் கேட்டார்கள். விடிந்தும் விடியாமல் அங்கே இருக்க வேண்டும். எங்கள் ஊரான தலைச்சோலையிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பள்ளி திறப்பதற்குள் வண்டி பழகிக்கொண்டால் வேலை எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை. "அதுக்கென்ன புள்ள, நான் பழக்கி உடறேன்" என்றார். மனுசன் தங்கம் என்று பூரித்துப்போனேன்.

தினமும் சாயங்காலம் நான் ஓட்ட, அவர் பின்னால் உட்காருவார். நேர் ரோட்டில் ஒரு தொந்தரவும் இல்லை. காப்பித் தோட்டத்தை ஒட்டிய வளைவு வந்தால் போதும், வண்டி வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உள்பக்கம் சாய்வேன். தோள்பட்டை விண்விண்ணென்று வலிக்கும். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டதும் உண்டு.

"உனக்கு பேலன்ஸ் வரல புள்ள. சின்னதுல சைக்கிள் ஓட்டியிருந்தா வந்திருக்கும். இனி நொம்ப கஷ்டம்" என்பார், காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே. என் உடம்பின் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. கடைசியில் நானே விடுதிக்கு போன் போட்டு, "எனக்கு வண்டி வரலைங்க" என்று சொல்லிவிட்டேன். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் அவர் சேலம் போயிருந்தார். மகளுக்குக் காய்ச்சல், மாத்திரை தீர்ந்துவிட்டது. அவளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தேன். வளைவில் வழக்கம்போல் உள்பக்கம் சாய்ந்தேன் பாருங்கள், வண்டி மடமடவென்று அந்தப் பக்கமே சரிந்து, காப்பிச் செடியில் முட்டி நின்றது. அன்றைக்கு வண்டியை வெளிப்பக்கம் இழுக்க ஒன்றுமே இல்லை. அடுத்த வளைவில் கையைத் தளர்த்தினேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி திரும்பியது.

மறுநாள் ஒன்றும் சொல்லாமல் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். கண்ணாடியை அவர் முகம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். வளைவு வந்ததும் அந்த முகம் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து, கண்ணாடியை விட்டே போய்விட்டது.

வண்டியை நிறுத்தினேன்.

"ஏனுங்க, வேணும்னேதான் சாஞ்சீங்களா?"

தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ வெடிகாலைல போயிட்டா ஊட்ட ஆரு பாக்கறது? வேண்டாம்னு சொன்னா சண்டைக்கு வருவ. நீயா உட்டுட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

ஆமாம், சண்டைக்குத்தான் வந்திருப்பேன். ஜெயித்திருப்பேனோ தோற்றிருப்பேனோ, அது வேறு. என் உடம்புக்கு வக்கில்லை என்று என்னையே நம்ப வைத்து, என் வாயாலேயே அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல வைத்தாரே, அந்தத் துரோகத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. "எறங்குங்க" என்றேன். இறங்கினார். நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது சேலம் வரைக்கும் மலையிறங்கி ஓட்டுகிறேன். "நான் பழக்கி உட்டதுதானுங்க" என்று கண்டவரிடமெல்லாம் அவருக்குப் பெருமை. பின்னால் ஒழுங்காகத்தான் உட்காருகிறார். ஆனால் அவர் ஏறிவிட்டால், வளைவில் என் தோள் தானாக இறுகி உள்பக்கம் சாய்கிறது. வண்டி தடுமாறுகிறது. எவ்வளவு ஓட்டியும் அது போகவில்லை.

அதனால் வளைவுக்கு முன்னால் நிறுத்தி அவரை இறக்கிவிடுகிறேன். நடந்து வந்து வளைவுக்கு அந்தப் பக்கம் ஏறிக்கொள்கிறார்.