நாலாவது குரல்

போன மாதம் ஒரு காலை, சுகந்தி என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கையில் மீன் கூடை இல்லை.

சுகந்தியின் கணவர் யோகன் பல வருடமாக எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவந்தவர். ‘மீனோ... மீன்’ என்று அவர் இழுத்துக் கூப்பிடும் தொனி எங்கள் எல்லோருக்கும் பாடம். கூடையைச் சுகந்தி சுமக்க, அவர் அப்போது விளக்கமறியலில் இருந்தார். கொலை வழக்கு.

ஆரையம்பதிப் பக்கம் வாவியில் குணம் என்ற மீனவர் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். வலை போடும் இடத்துக்காக அவருக்கும் யோகனுக்கும் ஏற்கெனவே தகராறு. நடந்தது விடியுமுன், மூடுபனிக்குள். பார்த்தவர் எவருமில்லை. ஆனால் கேட்டவர் ஒருவர் இருந்தார் — குணத்தின் அண்ணன் சாமித்தம்பி. கரையில் நின்ற தனக்குத் தம்பியின் குரலும் யோகனின் குரலும் சண்டைபிடிப்பது கேட்டது என்றார். யோகனோ, அன்று தான் வீட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை என்றார்.

“சேர், அடுத்த மாசம் சாமித்தம்பி அண்ணன் சாட்சிக்கு வாறார். அதுக்கு முதல் லோயர மாத்தச் சொல்லி என்ட அண்ணன்மார் ஒத்தக்கால்ல நிக்கிறானுகள்” என்றார் சுகந்தி.

“ஏன்?”

“எங்கட லோயர் நஸீமாட போர்ட்டுல பேர் மட்டுந்தான் இரிக்கி. கொழும்புல ஒராள் இரிக்காராம், பேருக்குப் பின்னால முழ நீளத்துக்குப் பட்டமாம். நீங்க பேப்பர்ல எழுதுற ஆள். ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லுங்க. இதுல பிழைச்சா அவர நான் உயிரோட பாக்கமாட்டன்.”

ஒரு மனிதனின் உயிரை ஒப்படைக்கும் ஆளை எதை வைத்துத் தெரிவு செய்வது? எனக்கும் தெரியாது. ஆனாலும் போனேன்.

சட்டத்தரணி நஸீமாவின் அலுவலகம் காத்தான்குடியில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே. நான் நேர்முகப் பரீட்சை நடத்த வந்திருக்கிறேன் என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சலிக்காமல் பதில் சொன்னார். சட்டக்கல்லூரி... சத்தியப்பிரமாணம்... பிறகு ஒரு சீனியருக்குப் பின்னால் ஃபைல் தூக்கி, தவணை கேட்டுத் திரிந்த வருடங்கள். காணி வழக்கு, பிரிந்த மனைவிமாரின் தாபரிப்பு வழக்கு, களவு வழக்கு.

“கொலை வழக்கு?”

“தனிய எடுத்ததுல இதான் முதலாவது.”

சுகந்தியின் அண்ணன்மார் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“நாளைக்கு விடிய வெள்ளன வருவீங்களா சேர்? வாவிக்குப் போகணும்.”

“மீன் பாடுறதக் கேக்கவா?” என்றேன். எங்கள் வாவியில் இரவில் மீன் பாடும் என்பார்கள்.

“மீனுகளுக்கு நான் ஆஜராகிறல்ல” என்றார்.

மறுநாள் ஓர் ஆட்டோவில் போனோம். வழி நெடுக அவர் யோகனைப் பற்றியே பேசினார். ஆள் கோபக்காரரா, எப்படிப் பேசுவார், கோபம் வந்தால் என்ன சொல்வார்... நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குணத்தின் உடல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம்.

பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. என் செருப்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை. கரை எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை.

“உள்ளுக்க ஒரு தோணி நிக்கிது. அதுல இரிக்கிறவங்க கதைப்பாங்க. எத்தின பேர், யார் யார் எண்டு எனக்குச் சொல்லுங்க” என்றார்.

காத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓர் இருமல் — என் தோளுக்குப் பக்கத்தில்! திரும்பினேன். ஒருவருமில்லை. தண்ணீர்மேல் குரல் அப்படித்தான் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்படுவது வேறு, பிடரியில் மூச்சுப்பட்டதுபோல் உணர்வது வேறு.

வலையைப் பற்றி யாரோ ஏசினார்கள். இன்னொருவர் சிரித்தார். மூன்றாவது ஆள் தடித்த குரலில் பதில் சொன்னார். அதற்கிடையில், தாழ்ந்த தொனியில், ‘விடு... விடு’ என்று ஒரு குரல். கடைசி எழுத்தை இழுக்கும் அந்த இழுப்பு... என் ஒழுங்கையில் எத்தனை காலை கேட்டிருக்கிறேன்!

“நாலு பேர். மத்தவங்களத் தெரியாது. ஒராள் யோகன்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. யோகன் சிறையில் அல்லவா இருக்கிறார்?

நஸீமா குரல் கொடுத்தார். பனிக்குள்ளிருந்து தோணி வந்தது. மூன்று பேர்.

“நாலாவது ஆள் எங்க?” என்று கேட்டேன்.

“நாலாவது ஆளா? ஏறினா தோணி தாண்டு போயிரும் சேர்” என்று ஒருவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“யார் ‘விடு’ எண்டு சொன்னது?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் சொல்லவில்லையாம்.

நஸீமா மட்டும் ஆச்சரியப்படவில்லை. “வழியெல்லாம் யோகன்ட கதையக் கதைச்சிக்கொண்டு வந்தீங்க. குணம் செத்த இடத்துல வந்து நிண்டீங்க. காது பாவம் சேர். நீங்க தேடினதக் கொண்டுவந்து தந்திரிக்கி.”

“அப்ப சாமித்தம்பி சொல்றது பொய்யா?”

“பொய்ச்சாட்சியெண்டா எனக்குப் பயமில்ல. அந்த மனிசன் உண்மையச் சொல்றார். அதுதான் பயம்.”

“என்னைச் சாட்சியாக் கூப்பிடுங்க.”

“கூப்பிட்டா அரச சட்டத்தரணி ஒரே ஒரு கேள்விதான் கேப்பார். கேட்டது யோகன்ட குரல்தானா எண்டு. என்ன சொல்லுவீங்க?”

பொய் சொல்லாமல் இருப்பதானால், நான் ‘ஓம்’ என்றுதான் சொல்லவேண்டும். இதை எழுதும் இந்த நிமிடத்திலும்.

வீட்டுக்கு வந்து சுகந்தியை அழைத்தேன். “மாத்த வேணாம்” என்றேன். காரணம் கேட்டார். “காது எப்பிடிப் பொய் சொல்லும் எண்டு அவவுக்குத் தெரியும்” என்றேன்.

போன வாரம் சாமித்தம்பி சாட்சிக்கூண்டில் ஏறினார். மெலிந்த, அமைதியான மனிதர். அரச சட்டத்தரணி கேட்டதற்கெல்லாம் ஒரே மாதிரி, தடுமாறாமல் பதில் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நின்ற யோகன் தலையைக் குனிந்துகொண்டார்.

நஸீமா எழுந்தார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது — சட்டத்தரணிகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று. அவர் அதைத்தான் கேட்டார்.

“தம்பிட சத்தமும் யோகன்ட சத்தமும் கேட்டிச்சி எண்டீங்க. வேற யார்ட சத்தமாவது கேட்டிச்சா?”

சாமித்தம்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். நீதிபதி பதில் சொல்லுமாறு பணித்தார்.

“அம்மாட சத்தம் கேட்டிச்சி.”

“என்ன சொன்னா?”

“தம்பியக் கூப்பிட்டா. சோறு ஆறுது, வா மனே எண்டு.”

“அம்மா இப்ப எங்க?”

“சுனாமியோட போனவ.”

பின்வரிசையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டார்கள்.

“இத ஏன் முதல்ல சொல்லல்ல?”

“ஒருத்தரும் கேக்கல்லயே.”

“யோகன்ட சத்தம் மாதிரித் தெளிவா இரிந்திச்சா?”

“அதவிடத் தெளிவா” என்றார் சாமித்தம்பி.

நஸீமா உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் திங்கட்கிழமை யோகன் விடுதலையானார். நீதிமன்ற வாசலில் நஸீமாவை வாழ்த்தப் போனேன். “வாழ்த்தாதீங்க சேர். ஒரு மனிசன்ட மௌத்தான தாய வச்சி வழக்கு வெண்டிரிக்கன்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். போர்ட்டில் பேருக்குப் பின்னால் போடுவதற்கு இதற்கு என்ன எழுத்து இருக்கிறது?

யோகன் மறுநாளே தோணியை இறக்கிவிட்டாராம். நேற்று சுகந்தி சொன்னார்: சாமித்தம்பி இன்னும் விடியுமுன் அதே இடத்தில் வந்து பனிக்குள் காதைக் கொடுத்தபடி நிற்கிறார். கரையோரமாகப் போகும் தோணிகளில் யாராவது பேசினால், வாயில் விரலை வைத்துக் காட்டுகிறார்.

அந்த இடம் வந்ததும் யோகன் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுகிறாராம்.