இடப்பக்கத்துத் தட்டு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கதை கட்ட எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. யார் என்ன சொன்னாலும் லேசில் நம்புகிறவனும் இல்லை. ஜின் பார்த்தேன், பேய் பார்த்தேன் என்று வந்தவர்களை ஏசி அனுப்பியிருக்கிறேன். ஆனால் இது என் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

கல்முனைக்குடியில் பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கித் திருத்துவது என் வேலை. இப்போது கை நடுங்குகிறது. குனிந்தால் நிமிர முடியவில்லை. போதும் என்று நினைத்து, கடைசியாக ஒரு பழைய ஹொண்டாவை எனக்கென்றே எடுத்தேன். என் பெண்சாதி சுஹறாவுக்கு முழங்கால் வருத்தம். ஓட்டோவில் காலை மடக்கி இருக்க மாட்டாள், அழுவாள். அவளைப் பின்னால் ஏற்றிக் கிளினிக் கொண்டுபோகத்தான் அந்தச் சைக்கிள்.

இறக்காமத்தில் அப்துல் ஸமட் என்ற வயல்காரரிடம் வாங்கினேன். செத்துப்போன அவருடைய காக்கா, மூத்த அண்ணன், ஓட்டியது. நெல் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.

"விழுந்த சைக்கிளா தம்பி?"

"இல்ல காக்கா."

நான் நம்பவில்லை. செசியின் இரும்புச் சட்டம் முழுவதையும் தடவிப் பார்த்தேன். எங்கும் வளைவு இல்லை.

பின்னால் இடப்பக்கம் ஓர் இரும்புத் தட்டு வெல்டிங்கில் ஒட்டியிருந்தது. பெண்கள் ஒருபக்கமாக இருக்கும்போது கால் வைக்க, இங்கே சிலர் அப்படி ஒட்டுவார்கள். எனக்குப் பிடிக்காது. பழைய சைக்கிளில் கொம்பனி போட்டது மட்டும்தான் இருக்கவேண்டும். கிரைண்டரை எடுத்தேன்.

"எனக்குக் கால் வைக்க நல்லந்தானே? ஏன் வெட்டுறீங்க?" என்றாள் சுஹறா.

"கொம்பனிக்காரன் மடையனா?"

"அவன்ட பொண்டாட்டிக்கு முழங்கால் நல்லா இருந்திருக்கும்."

வெட்டிவிட்டேன். வெட்டிய இடத்தைத் தேய்த்து, செயின் கவரோடு சேர்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் காலை கிளினிக் போகவேண்டும். அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஓடிப் பார்க்க எடுத்தேன். காரைதீவு தாண்டி மாவடிப்பள்ளி வயல் ரோட்டில் விட்டேன். வெயில் இருந்தது. எஞ்சின் நல்ல சத்தம்.

ஒரு வளைவில்... டொக்.

இடப்பக்கம். கீழே. செயின் கவர் தளர்ந்திருக்கும் என்று நிறுத்திப் பார்த்தேன். எல்லா நட்டும் இறுக்கம்.

ஏறினேன். நேர் ரோட்டில் சத்தமில்லை. குழியில் விழுந்தால்... டொக். வளைவு வந்தால்... டொக் டொக். பின்னால் இருப்பவர் கால் ஊன்றுகிற இடங்களில் மட்டும்.

கண்ணாடியைப் பார்த்தேன். ரோட். வயல். ஆள் இல்லை.

முன் சில்லு ரோட்டைத் தொடாததுபோல் லேசாகிவிட்டது. பின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது. ஆள் ஏறினால்தான் அப்படி ஆகும்.

டொக் டொக் டொக் டொக்...

நான் போட்டிருந்த சேட்டின் இடுப்புப் பக்கத்தை எதுவோ பிடித்தது.

இறுக்கிப் பிடித்தது.

சைக்கிள் இடப்பக்கம் சரிந்தது...

வாய்க்கால் விளிம்பில் பிரேக் அடித்தேன்.

பிடி விட்டது.

வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தேன். இருட்டி, மஃரிப் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது.

"என்ன, பெற்றோல் முடிஞ்சிட்டா?" என்றாள் சுஹறா.

"ஓம்" என்றேன்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். செயின் கவரின் புதுப் பெயின்டில் தேய்ந்த அடையாளங்கள். குதிக்கால் அளவு. சேட்டின் இடப்பக்கத் தையல் விட்டிருந்தது.

ஸமட்டுக்குப் போன் எடுத்தேன்.

"விழுந்த சைக்கிளத் தந்து என்ன ஏமாத்திப்போட்டீங்க."

"அல்லாஹ் அறிய, சைக்கிள் விழல்ல காக்கா. காக்காட பொஞ்சாதி, மதினிதான் விழுந்தவ. காக்காட பின்னால போகக்குள்ள, வளைவில கால் வழுக்கி... அந்த இடத்திலயே மவுத்து."

"தட்டு இருக்கக்குள்ள எப்படிகா வழுக்கும்?"



"தட்டு அப்ப இல்லயே. மதினிட நாப்பதாம் நாளும் முடிஞ்ச பொறகுதான் காக்கா அத ஒட்டினவர்." பிறகு கேட்டார். "நீங்க அத வெட்டிப்போட்டீங்களா?"

போனை வைத்தேன்.

காலையில் சுஹறாவை ஓட்டோவில் கொண்டுபோனேன். வழி முழுக்க அழுதாள், ஏசினாள். கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டிய தட்டு பழைய இரும்புக்காரனோடு போய்விட்டது. அதே அளவில் புதிதாக ஒன்று செய்து ஒட்டினேன். கறுப்புப் பெயின்ட் அடித்தேன். சத்தம் நின்றது.

சைக்கிளை விற்கவில்லை. வாங்குகிறவனும் தட்டை வெட்டுவான். நான் தனியாகக் கடைக்குப் போக மட்டும் எடுக்கிறேன். பின்னால் ஒருவரையும் ஏற்றியதில்லை.

நேற்றுத் துடைக்கும்போது பார்த்தேன்.

தட்டின் நடுவில் பெயின்ட் தேய்ந்து, இரும்பு தெரிகிறது.