கம்பிவலை அலமாரியில் தேரைகள்

என் குழந்தை செத்த வருஷம், ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தேரைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. அப்படியும் ஒரு வேலையா என்று இன்றைக்குக் கேட்பார்கள். அன்றைக்கும் கேட்டார்கள்.

குழந்தை பெண். எட்டு மாதம் இருந்தாள். கடைசி இரண்டு மாதம் குடித்ததெல்லாம் வெளியே போய், தொடைச் சதை தொங்கி, முகம் கிழவி முகமாகிவிட்டது. கல்லறையில் வைத்துவிட்டு வந்த அன்று மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"தேரை பாஞ்ச புள்ள. தண்ணித் தொட்டி ஓரத்துல போட்டுட்டு இவ துணி தொவைச்சிகிட்டு இருந்தா. வயித்து மேலயே குதிச்சிது. நானே பாத்தேன்."

குதித்தது உண்மை. நானும் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த தேரை அவள் வயிற்றில் குதித்து, அங்கிருந்து வாழை மட்டைக்குத் தாவியது. குழந்தை சிரித்தாள். வயிற்றுப்போக்கு அதற்குப் பிறகு வந்தது. எத்தனை நாள் கழித்து என்று எனக்கு நினைவில்லை. மாமியார் கணக்கில் மறுநாளே.

என் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார். அவர் என்னைத் திட்டவில்லை, தன் அம்மாவைத் தடுக்கவும் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் என்னைக் குருசுக்குப்பத்தில் என் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "கொஞ்ச நாள் இரு" என்றார். சரி என்றேன்.

அழுகை வரவில்லை. "வாய்விட்டு அழுதுடேன், நெஞ்சுல வெச்சிக்காத" என்று அண்ணி தினமும் சொல்வாள். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. தலை வாரிவிட்டால் வாரிக்கொண்டேன். வெயிலில் உட்கார்ந்திருந்தால், யாராவது சொன்ன பிறகு நிழலுக்கு நகர்ந்தேன்.

அண்ணன் தச்சர். கடற்கரையை ஒட்டிய வெள்ளைக்காரர் தெருக்களில் சன்னல் கதவுகளைப் பழுது பார்ப்பார். ஒரு நாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சுங்கத்துல இருந்த கெழட்டு முசே ஒருத்தரு. பொண்டாட்டி செத்தும் ஊருக்குப் போவாம இங்கயே கெடக்கறாரு. அவருக்குத் தேரை புடிச்சித் தரணுமாம். எவளும் வரமாட்டேங்கறா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே நிறுத்திவிட்டார்.

"நான் புடிக்கறேன்" என்றேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரெஞ்சுக்காரர்களை எங்கள் ஊரில் முசே என்போம். இந்த முசே மெலிந்த மனிதர். நாற்பது வருஷம் இங்கேயே இருந்ததால் தமிழ் பேசுவார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர் கையில் அகலமான கண்ணாடிக் குடுவை இருந்தது. அதில் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் குச்சியால் செய்த சின்ன ஏணி.

"எங்க ஊர்ல என் அம்மா பச்சைத் தவளை வளர்த்தாங்க. வெயில் வரும்னா ஏணி ஏறும். மழை வரும்னா தண்ணிக்குள்ள போகும். இங்க அது இல்லை. இங்க இருக்கறதைப் போட்டுப் பார்க்கணும்."

தேரை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாழை மட்டை தண்டைப் பிடித்திருக்கும் இடுக்கு, தாழம்புதர், கிணற்று உள்சுவரில் செங்கல் பெயர்ந்த பொந்து, குளிக்கும் அறையின் ஓட்டுச் சரிவு. பகலில் கைகால்களை மடக்கி வயிற்றுக்கடியில் ஒளித்து, மரப்பட்டை மாதிரி ஒட்டிக்கிடக்கும். விளக்கு வைத்த பிறகுதான் அசையும். நான் வெறுங்கையால் பிடித்தேன். கிணற்றடியில் இருந்த பெண்கள் விலகிப்போனார்கள்.

முதல் தேரையைக் குடுவையில் விட்டு, வாயில் துணி கட்டி, கடல் பார்த்த சன்னலில் முசே வைத்தார். அது உடனே ஏணி உச்சிக்குப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதன் வெளிறிய வயிறும், துடிக்கும் தொண்டையும், விரல் நுனிகளின் வட்டமும் எங்களுக்குத் தெரிந்தன. "வெயில்!" என்றார் முசே. அன்று மதியம் கொட்டித் தீர்த்தது. தேரை உச்சியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீரில் மல்லாந்து மிதந்தது.

இன்னொன்று கேட்டார். பிடித்துத் தந்தேன். அதுவும் செத்தது. மூன்றாவது சாம்பல் நிறமாகி, கண்ணாடியில் ஒட்டியபடியே காய்ந்துபோனது. அதைச் சுரண்டி எடுக்கும்போது எனக்கு அருவருப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. ஆனால் வாய் தானாகச் சொன்னது.

"முசே, இது தண்ணில வாழறது இல்ல. தண்ணிக்கு மேல வாழறது. பகல்ல இருட்டு வேணும், ஈரம் வேணும். உயிரோட பூச்சி வேணும். நீங்க வெயில்ல வெச்சி அவிக்கறீங்க."

அத்தனை வார்த்தை நான் பேசிப் பல நாளாகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. குடுவையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "சரி, நீ செய்" என்றார்.

அவர் மனைவி சாப்பாடு வைக்கும் கம்பிவலை அலமாரி ஒன்று சும்மா கிடந்தது. அண்ணன் தட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் பின்கட்டில், மதியத்துக்குப் பிறகு வெயில் வராத மூலையில் நிறுத்தினோம். உள்ளே தொட்டியில் ஒரு வாழைக்கன்று, சாய்த்து வைத்த தாழங்கிளை, கவிழ்த்த கொட்டாங்கச்சிகள், முதுகுப் பலகையில் ஈரச் சாக்கு. கீழே அகலமான மண்சட்டியில் தண்ணீர். மாலையில் விளக்கடியில் விழும் விட்டிலையும், அடுப்பங்கரைக் கரப்பானையும் பிடித்து உள்ளே விடுவேன். ஐந்து தேரைகள் வைத்தேன். ஐந்தும் பிழைத்தன. இருட்டத் தொடங்கும்போது, கட்டையில் நகத்தால் தட்டுவதுபோல ஒன்று சத்தம் போடும். முசே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பார்.

ஒரு நாள் அவர் கேட்டார், "மற்றவங்க ஏன் பயப்படறாங்க?"

நான் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார். "இது யாரையும் கொல்லாது. உன் குழந்தை குடிச்ச தண்ணி கெட்டிருக்கும். இல்லை வேற நோய். நீ இல்லை. தேரையும் இல்லை."

இப்படி ஒரு சொல் கேட்டால் எனக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாழைக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது, ஒரு காலையில் சட்டிக்கு நேர் மேலே வாழை இலையின் அடியில் நுரை தொங்கியது. சவர்க்கார நுரையை அடித்து ஒட்டியதுபோல, கோழிமுட்டை அளவு. நாலைந்து நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சட்டியில் விழுந்தன. முசே குனிந்து பார்த்தபடி பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். மறுநாள் அலமாரிக் கதவைத் தானே கழற்றி வைத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு தேரைகள் போய்விட்டன. மூன்று அங்கேயே இருந்தன.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். அண்ணி வழி சொல்லியிருக்கிறாள். பின்கட்டில் ஈரக் கையோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். சாக்கில் ஒட்டியிருந்ததையும் பார்த்தார்.

"இதையா தொடற?"

"ஆமா. கையக் காட்டுங்க."

நீட்டினார். அவர் உள்ளங்கையில் ஒன்றை எடுத்து வைத்தேன். சற்று உட்கார்ந்திருந்துவிட்டுச் சுவருக்குத் தாவியது.

"கனமே இல்ல" என்றார்.

"இல்ல."

"இதுவா நம்ம புள்ளய..." படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் நின்றிருந்தேன். தோளில் கை வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்தேன். சட்டையில் பஞ்சுத் துணுக்குகள் இருந்தன.

"முசே இல்லங்கறாரு. எனக்குத் தெரியல" என்றேன்.

"அன்னிக்கே அம்மாகிட்ட நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார்.

வேறு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். ஆலைக்குப் பக்கத்தில் ஒரே அறை, நாங்கள் இரண்டு பேர் மட்டும். மழை ஓய்ந்ததும் போனேன். போக வேண்டும் என்றோ கூடாது என்றோ எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் வந்து கூப்பிட்டார், போனேன்.

அடுத்த கோடையில் முசே கப்பலேறிப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்து அண்ணன் வந்து சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு ஐந்து மாதம்.

"போறதுக்கு முன்ன உன்ன விசாரிச்சாரு" என்றார் அண்ணன்.

"என்னன்னு?"

"நல்லா இருக்காளான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்கான்னு சொன்னேன்."

சரி என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்குத் தட்டு எடுத்து வைத்தேன்.